நனைந்த தானியமும் ஒரு பழைய கியர் கம்ப்யூட்டரும்



சில மாதங்களுக்கு முன் ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பின்னர், மத்ரஸாவின் திண்ணையில் நம் முன்னே ஒரு கறுப்புப் பெட்டி வைக்கப்பட்டது. உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரியது. அடிப்பகுதி அலுமினியம், மேலே பிளாஸ்டிக் மூடி, ஒரு பக்கத்தில் வரிசை வரிசையாக ஊசிகள் கொண்ட சாக்கெட். "ஹஜ்ரத், இதைத் திருப்பிக் கொடுக்க எனக்கு உரிமை உண்டா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்கள். பணம் போனால் போகட்டும்" என்றார் அதைக் கொண்டுவந்த சகோதரர். பணம் போனால் போகட்டும் என்று சொல்லக்கூடிய நிலையில் அவர் இல்லை என்பது நமக்குத் தெரியும்.

அவர் நமது மஹல்லாவில் சிறிய பலசரக்குக் கடை நடத்துபவர். சிறு வயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தால் இடது கால் மெலிந்துபோனது. கிளட்ச் மிதிக்க இயலாது. அதனால்தான் கியர் தானாக மாறும் சிறிய கார் ஒன்றை, அதுவும் இரண்டாம் கையாக, நான்கு ஆண்டுகளுக்கு முன் வாங்கினார். பிள்ளைகளைப் பள்ளியில் விடுவதும், மொத்தக் கடையிலிருந்து சரக்கு எடுத்து வருவதும், வயதான உம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதும் அந்தக் காரில்தான். நம்மில் பலருக்கு ஆட்டோமேட்டிக் கார் ஒரு சொகுசு. அவருக்கு அது கால்.

அந்தக் கறுப்புப் பெட்டியே அந்தக் காரின் கியர் கம்ப்யூட்டர். மெக்கானிக்குகள் டிசியு என்பார்கள், சிலர் டிசிஎம் என்பார்கள். நமது நாட்டில் இன்று ஓடும் சிறிய ஆட்டோமேட்டிக் கார்கள் பலவற்றின் உள்ளே இருப்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். 2014 பிப்ரவரியில் மாருதி செலெரியோ இந்தத் தொழில்நுட்பத்துடன் வந்தபோதுதான் குறைந்த விலைக் கார்களில் இது பரவத் தொடங்கியது. காலால் கிளட்சை மிதிப்பதற்கும் கையால் கியரை மாற்றுவதற்கும் பதிலாக, ஒரு சிறு மின்மோட்டார் எண்ணெயை அழுத்தத்தில் வைத்துக் கொள்கிறது. அந்த அழுத்தம் கிளட்சையும் கியரையும் அசைக்கிறது. எப்போது அசைப்பது, எவ்வளவு அசைப்பது என்பதை முடிவு செய்வது இந்தப் பெட்டி. வண்டியின் வேகம், எஞ்சின் சுற்றும் வேகம், ஆக்சிலேட்டரை எவ்வளவு அழுத்தியிருக்கிறோம், பிரேக்கில் கால் உள்ளதா, லீவர் எந்த இடத்தில் உள்ளது என்ற செய்திகள் யாவும் கம்பிகள் வழியே அதனிடம் வந்து சேர்கின்றன. அது சொல்லாமல் எதுவும் அசையாது. அது குழம்பினால் வண்டி நியூட்ரலில் நின்றுவிடும்.

சகோதரருடைய வண்டி அப்படித்தான் ஒரு காலையில் கடை வாசலில் நின்றது. பலகையில் 'என்' என்ற எழுத்து மின்னிக்கொண்டே இருந்தது. லீவரை எங்கே தள்ளினாலும் கியர் விழவில்லை. மெக்கானிக் வந்து ஸ்கேனரைப் பொருத்திப் பார்த்து, கியர் கம்ப்யூட்டர் போய்விட்டது என்றார். புதியதற்குச் சொல்லப்பட்ட விலையைக் கேட்டதும் சகோதரர் அந்த யோசனையையே விட்டுவிட்டார். பழையது கிடைக்கும், தமக்குத் தெரிந்த கடை உண்டு என்றார் மெக்கானிக். புதியதன் விலையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாக, ஒன்பதாயிரம் ரூபாய்க்குப் பெட்டி வந்தது. ஒரு நிபுணரிடம் கொடுத்து, பழைய பெட்டியில் இருந்த தகவல்களை இதற்குள் நகலெடுத்து, கிளட்ச் பற்றும் இடத்தை அதற்குக் கற்பித்து, பொருத்தி ஓட்டினார்கள். வண்டி ஓடியது. பத்தொன்பது நாட்கள் ஓடியது.

இருபதாம் நாள், மகன் பின்னிருக்கையில் இருக்க, நான்குவழிச் சாலையில் வண்டி கியரை விட்டது. எஞ்சின் உறுமுகிறது, சக்கரத்துக்கு இழுவை இல்லை. பின்னே லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே விலகிச் சென்றது. இரண்டு இளைஞர்கள் பைக்கை நிறுத்திவிட்டு வந்து வண்டியை ஓரத்திற்குத் தள்ளிக் கொடுத்தார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, அல்ஹம்துலில்லாஹ். மெக்கானிக் பெட்டியின் மூடியைத் திறந்தபோது, உள்ளே தகட்டின் ஓரத்தில் பச்சை பூத்திருந்தது. ஒரு மூலையில் மெல்லிய வண்டல் படிவு. அது வெள்ளத்தில் மூழ்கிய காரின் பெட்டி.

இங்கேதான் நாம் சொல்ல வந்த விஷயம் தொடங்குகிறது.

2015 டிசம்பரில் சென்னை மூழ்கியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் மீண்டும் மூழ்கியது. அதே மாதத்தில் தெற்கே தாமிரபரணிக் கரையும் மூழ்கியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதை நம் வாசகர்களில் பலர் வீட்டு மாடியில் இருந்தபடியே பார்த்தீர்கள். அந்த நாட்களில் தெருவில் நின்ற கார்களுக்கு என்ன ஆயிற்று? சரிசெய்யக் கட்டுபடி ஆகாதவற்றுக்கு இன்சூரன்ஸ் நிறுவனங்கள் இழப்பீடு கொடுத்துவிட்டு, வண்டிகளை ஏலத்தில் விட்டன. ஏலம் எடுத்தவர்கள் சிலவற்றைச் சரிசெய்து விற்றார்கள், சிலவற்றைப் பிரித்தார்கள். கதவு, கண்ணாடி, சக்கரம், விளக்கு ஆகியவற்றுக்கு வெள்ளநீர் பெரிய கேடு செய்வதில்லை. அவற்றை வாங்கிப் பயன்படுத்துவதில் குறையேதும் இல்லை. வீணாகப் போகாமல் தடுப்பது நல்ல காரியமும்கூட. ஆனால் சிறிய கார்களில் பல கணினிப் பெட்டிகள் டாஷ்போர்டுக்குக் கீழே, கால் வைக்கும் இடத்துக்கு அருகில் இருக்கும். தண்ணீர் இருக்கை உயரத்துக்கு வந்தால் முதலில் குளிப்பவை அவைதாம்.

நனைந்த மின்னணுப் பொருளின் சூது என்னவென்றால், காய்ந்ததும் அது வேலை செய்யும். மேசையில் வைத்துச் சோதித்தால் தேறும், வண்டியில் பொருத்தினாலும் ஓடும். நீர் போய்விட்டாலும் அது கொண்டுவந்த உப்பும் சேறும் தகட்டின்மேல் தங்கிவிடுகின்றன. நமது கரையோர ஊர்களின் ஈரக் காற்று போதும், அந்த உப்பு மீண்டும் கசிந்து, மின்சாரம் ஓடும்போதெல்லாம் செம்புக் கோடுகளைத் தின்னும். பத்து நாளிலும் நடக்கலாம், பத்து மாதத்திலும் நடக்கலாம். விற்கும்போது மேற்பரப்பு உலர்ந்திருக்கும், ஈரம் உள்ளே இருக்கும்.

மேலே உலர்ந்து உள்ளே ஈரமாக இருந்த ஒரு சரக்கைப் பற்றி நாம் மக்தபில் படிக்கும் சிறுவர்களுக்கே சொல்லிக் கொடுக்கிறோம். கடைத்தெருவில் குவித்து வைத்திருந்த தானியத்துக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டார்கள், விரல்களில் ஈரம் பட்டது. விசாரித்தபோது, மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. அவர் மழையைத் தடுத்திருக்க முடியாது. மழை பெய்ததற்காக அவர் கண்டிக்கப்படவும் இல்லை. நனைந்ததை மேலே, மக்கள் கண்ணில் படும்படி வைக்காததற்காகவே கண்டிக்கப்பட்டார். இந்தச் செய்தியை ஸஹீஹ் முஸ்லிமில் இருந்து வாசிக்கும்போதெல்லாம் தலையை ஆட்டுகிறோம். பதினான்கு நூற்றாண்டுகளுக்குப் பின், அதே மழை, அதே மறைப்பு. கோதுமைக்குப் பதிலாகக் கம்ப்யூட்டர், அவ்வளவே.

பெட்டியை விற்றவர் யார் என்று விசாரித்தோம். இதை எழுதக் கை தயங்குகிறது, ஆயினும் எழுதாமல் விட்டால் நாமும் நனைந்ததை அடியில் தள்ளியவர்கள் ஆவோம். அவர் நம்மிடம் ஐந்து ஆண்டுகள் ஓதியவர். மேற்சொன்ன செய்தியை நம் வாயிலிருந்தே கேட்டவர். ஊரையும் பெயரையும் சொல்லப் போவதில்லை. தொலைபேசியில் அழைத்தோம். ஸலாம் சொல்லி, நலம் விசாரித்து, விஷயத்தைச் சொன்னவுடன் குரல் மாறியது.

"ஹஜ்ரத், கடையில் போர்டு வைத்திருக்கிறேன். எலக்ட்ரிக்கல் சாமானுக்குக் கேரண்டி இல்லை, திரும்ப எடுக்க மாட்டோம் என்று பெரிதாக எழுதியிருக்கிறது. பத்தொன்பது நாள் ஓட்டிவிட்டுக் கொண்டுவந்தால் நான் என்ன செய்வேன்? அவர்கள் வயரிங்கில் ஷார்ட் ஆகிப் போயிருக்கலாமே."

"மகனே, அது எந்த வண்டியிலிருந்து எடுத்த பெட்டி என்று உனக்குத் தெரியுமா?"

பதில் உடனே வரவில்லை. பின்னர், "ஏலத்தில் எடுத்த வண்டி ஹஜ்ரத். தண்ணீர் பார்த்த வண்டி" என்றார். மேலும் ஒரு வாக்கியம் சேர்த்தார்: "அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை."

அவர் கேட்கவில்லை. பழைய பொருள் வியாபாரத்தில் இந்த இரண்டு சொற்களே பெரும்பாலானவர்களின் வேலி. தானியக் குவியலின் முன் நின்றவர்களில் எத்தனை பேர், இது நனைந்ததா என்று கேட்டிருப்பார்கள்? கேட்டால்தான் சொல்ல வேண்டும் என்பது மார்க்கத்தின் நிலை அல்ல. குறையை அறிந்தவர் சொல்ல வேண்டும், கேட்டாலும் கேட்காவிட்டாலும். நமது கரையோர ஊர்களில் பின்பற்றப்படும் ஷாஃபிஈ மத்ஹபின் நூல்கள் இன்னும் ஒரு படி மேலே செல்கின்றன: விற்பவர் மட்டுமல்லர், அந்தப் பொருளின் குறை தெரிந்த மூன்றாம் மனிதரும் வாங்குபவரிடம் அதைச் சொல்லக் கடமைப்பட்டவர். அப்படியானால் பெட்டியை வாங்கித் தந்த மெக்கானிக்கின் நிலை என்ன? அவர் வாங்குபவரின் சார்பாகச் சென்றவர். கடையில் கமிஷன் பெற்றிருந்தால் அதைச் சகோதரரிடம் சொல்லியிருக்க வேண்டும். இது நமது தெருக்களில் அன்றாடம் நடப்பது. மெக்கானிக் கூலி வாங்குவதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. நம் பணத்திலிருந்து நமக்குத் தெரியாமல் எடுப்பது கூலி ஆகாது.

அந்த போர்டைப் பற்றியும் பேச வேண்டும். எந்தக் குறைக்கும் பொறுப்பில்லை என்று நிபந்தனை போட்டு விற்பது புதிய தந்திரம் அன்று, ஃபிக்ஹு நூல்களில் அதற்குத் தனிப் பகுதியே உண்டு. ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கருத்துப்படி அந்த நிபந்தனை உயிருள்ள பிராணியின் உள்ளே, விற்பவரும் அறியாத குறைக்கு மட்டுமே பாதுகாப்புத் தரும். பெட்டிக்கும் சட்டிக்கும் தராது. ஹனஃபி மத்ஹபில் நிபந்தனைக்கு அகலமான இடம் உண்டு. ஆனால் அறிந்தே மறைத்த பாவத்தை எந்த மத்ஹபின் நிபந்தனையும் கழுவாது. உஸ்மான் (ரலி) அவர்களிடம் இத்தகைய ஒரு வழக்கு வந்ததாக இமாம் மாலிக் அவர்களின் முவத்தாவில் பதிவாகியுள்ளது. விற்றவர் இப்னு உமர் (ரலி) அவர்கள், விற்கப்பட்டவர் அக்கால வழக்கப்படி ஓர் அடிமை. பொறுப்பில்லை என்ற நிபந்தனையோடுதான் விற்றிருந்தார்கள். விற்கும்போது அந்த நோயை அறிந்திருக்கவில்லை என்று சத்தியம் செய்யுமாறு கலீஃபா கூறினார்கள். இப்னு உமர் அவர்கள் சத்தியம் செய்ய மறுத்து, விற்றவரையே திரும்ப எடுத்துக்கொண்டார்கள். போர்டு என்ன சொல்கிறது என்று அங்கே கேட்கப்படவில்லை. உனக்குத் தெரியுமா என்றே கேட்கப்பட்டது.

நாட்டின் சட்டமும் இதில் வாய்மூடி இருக்கவில்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, குறையுள்ள பொருளைப் பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்காவிட்டால் முப்பது நாட்களுக்குள், திரும்பப் பெற மறுப்பது நேர்மையற்ற வணிக நடைமுறை. பில் கொடுக்காமல் விற்பதும் அவ்வாறே. ஆனால் நம் சகோதரரிடம் பில் இல்லை. துண்டுச் சீட்டில் 9000 என்று எழுதி, கீழே ஒரு கோடு இழுத்திருந்தது.

இத்தனையும் எழுதிவிட்டு வியாபாரியின் பக்கத்தைச் சொல்லாமல் போனால் அநீதி. மாணவர் பின்னர் ஒருநாள் நேரில் வந்து சொன்னார், அதில் உண்மை இருந்தது. பெட்டியை வாங்கிச் சென்று, தம் வண்டியில் இருந்த கெட்ட பெட்டியைக் கொண்டுவந்து, நீங்கள் கொடுத்தது வேலை செய்யவில்லை என்று சாதிப்பவர்கள் உண்டாம். பார்ப்பதற்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும், கடைக்காரர் கண்டுபிடிக்க இயலாது. வேறு சிலர் வண்டியின் வயரிங்கில் கோளாறை வைத்துக்கொண்டே நல்ல பெட்டியைப் பொருத்தி எரித்துவிட்டு வருவார்கள். இன்னும் சிலர் கோளாறு எங்கே என்று கண்டுபிடிப்பதற்காகவே பெட்டியை வாங்கி, மாட்டிப் பார்த்துவிட்டு, பெட்டியில் குறை இல்லை என்று தெரிந்ததும் திருப்பிக் கொடுக்க வருவார்கள். அதாவது கடையை இலவச சோதனைச்சாலை ஆக்குவார்கள். அந்த போர்டு இவர்களுக்காக மாட்டப்பட்டது. தொப்பி அணிந்தவர்களும் இவர்களில் உண்டு என்று அவர் சொன்னபோது நாம் குனிந்துகொண்டோம்.

ஆகவே நமது கருத்து இது. போர்டை இறக்குங்கள் என்று வியாபாரிகளிடம் கேட்பதோடு நில்லாமல், அதன் இடத்தில் ஒழுங்கான ஓர் உடன்பாட்டை வைக்க வேண்டும். நமது ஃபிக்ஹில் அது ஆயத்தமாகவே இருக்கிறது: கியாருஷ் ஷர்த், அதாவது மூன்று நாட்கள் வரை ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளும் உரிமையைப் பேசி வைத்துக்கொள்வது. வியாபாரத்தில் அடிக்கடி ஏமாந்துவந்த ஒரு தோழருக்கு நபி (ஸல்) அவர்கள் காட்டிக்கொடுத்த வழியிலிருந்து அறிஞர்கள் எடுத்த சட்டம் இது. இமாம் ஷாஃபிஈ, இமாம் அபூ ஹனீஃபா ஆகிய இருவரிடமும் எல்லை மூன்று நாட்களே. அபூ ஹனீஃபாவின் மாணவர்களான அபூ யூசுஃப், முஹம்மத் ஆகிய இருவரும் குறிப்பிட்ட காலமாக இருந்தால் அதற்கு மேலும் கூடும் என்றார்கள். கியர் கம்ப்யூட்டரைப் பொருத்தி, காலையில் குளிர்ந்த எஞ்சினோடும், மதிய வெயிலில் நெரிசலிலும், ஏற்றத்திலும் ஓட்டிப் பார்க்க மூன்று நாட்கள் போதும்.

ஒரு நுணுக்கத்தை இங்கே சொல்ல வேண்டும். ஷாஃபிஈ சட்டத்தில் அந்த மூன்று நாட்கள் ஒப்பந்தம் பேசிய நேரத்திலிருந்து ஓடத் தொடங்கும். சென்னைப் புதுப்பேட்டையில் போனில் விலை பேசி, பார்சல் லாரியில் இராமநாதபுரத்துக்கு வந்து சேர்வதற்குள் இரண்டு நாட்கள் போய்விடும், வெள்ளிக்கிழமை மெக்கானிக் கடை மூடியிருந்தால் மூன்றும் போய்விடும். எனவே பார்சல் கைக்கு வந்து, திறந்து பார்த்த பின்னர் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்வதே நல்லது. ஆனால் விலை பேசும் நோக்கில் கையில் வாங்கிய பொருள் அந்த இடைவெளியில் சேதமடைந்தால் பொறுப்பு வாங்குபவரையே சேரும். அதையும் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். பெட்டியை மாற்றிக் கொண்டுவருவார்களே என்ற கடைக்காரரின் அச்சத்துக்கு மருந்து மிக எளியது. மூடியின் திருகுகளில் சாயப் பொட்டு வையுங்கள், ஸ்டிக்கரில் உள்ள எண்ணை இருவரும் படமெடுத்துக்கொள்ளுங்கள், அந்த எண்ணைப் பில்லில் எழுதுங்கள்.

மூன்று நாட்களுக்குப் பின் பச்சை பூத்தால்? அப்போது வருவது வேறு உரிமை. விற்கும் முன்பே பொருளில் இருந்த குறை பின்னர் வெளிப்பட்டால் திருப்பிக் கொடுக்கும் உரிமை, அதாவது கியாருல் ஐப், மூன்று நாட்களோடு முடிவதில்லை. சகோதரரின் கேள்விக்கு நாம் தந்த பதில் இதுவே. ஈரம் பத்தொன்பது நாளில் வந்ததல்ல, விற்கும்போதே உள்ளே இருந்தது. எனவே அவருக்கு உரிமை உண்டு. ஆனால் குறையைக் கண்டவுடன் திருப்பிவிட வேண்டும். நாளை பார்க்கலாம் என்று இழுத்தடித்தால் ஷாஃபிஈ சட்டப்படி உரிமை போய்விடும். தெரிந்த பின்னும் தொடர்ந்து ஓட்டினால் ஹனஃபி சட்டப்படி அது சம்மதம் ஆகிவிடும்.

வாங்குபவர்களிடம் சொல்ல வேண்டியதும் உண்டு. அதைச் சகோதரரிடமும் சொன்னோம், சற்றுக் கடுமையாகவே சொன்னோம். முதலில் பெட்டிதான் கெட்டதா என்று நிச்சயம் செய்துகொள்ளாமல் பெட்டி வாங்கக் கூடாது. ஸ்கேனரில் வரும் எண் நோயின் பெயர் அன்று. பி0700 என்று வந்தால், கியர் அமைப்பில் ஏதோ குறை பதிவாகியுள்ளது, அங்கே போய்ப் பார் என்பது மட்டுமே பொருள். யு0101 என்று வந்தால், மற்ற கணினிகளுக்குக் கியர் கணினியின் குரல் கேட்கவில்லை என்று பொருள். பெட்டி செத்திருந்தாலும் கேட்காது, அதற்குப் போகும் ஃபியூஸ் எரிந்திருந்தாலும் கேட்காது, எர்த் கம்பி துருப்பிடித்திருந்தாலும் கேட்காது. இந்த வகைக் கார்களில் பேட்டரி தளர்ந்தாலே கியர் விளையாட்டுக் காட்டும், ஏனெனில் எண்ணெய் அழுத்தும் மோட்டாருக்கு மின்சாரம் நிறைய வேண்டும். நிறைவாகச் சார்ஜ் ஆன பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் அளவில் காட்ட வேண்டும். பிரேக் பெடலின் மேலே உள்ள சிறு சுவிட்ச் பழுதானால், பிரேக்கை மிதித்திருக்கிறோம் என்பதே பெட்டிக்குத் தெரியாது, கியர் விழாது. சில நூறு ரூபாய்ப் பழுதுக்குப் பல ஆயிரம் ரூபாய் மருந்து தேடும் வழக்கம் நம்மிடம் நிறைய இருக்கிறது. கியர் எண்ணெய்க் குழாயில் கசிவு, மோட்டாரின் ரிலே ஆகியவற்றையும் பார்த்த பிறகுதான் பெட்டியை அணுக வேண்டும்.

பெட்டிதான் என்று உறுதியானால், ஸ்டிக்கரில் உள்ள எண் முழுவதும், கடைசி எழுத்து வரை, பொருந்த வேண்டும். அதே பெயர் கொண்ட கார் என்பது போதாது. ஆண்டுக்கு ஆண்டு பெட்டி மாறுகிறது. சாக்கெட்டின் ஊசிகளைக் கைவிளக்கு அடித்துப் பாருங்கள். பச்சையோ வெண்பொடியோ இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். திருகுகளில் துரு, மூடியின் விளிம்பில் புதிதாகப் பூசிய சிலிகான், தின்னர் வாசனை, அளவுக்கு மீறிய பளபளப்பு ஆகியவை வாய் திறந்து பேசும் சாட்சிகள். எந்த வண்டியிலிருந்து எடுத்தது, அந்த வண்டி எதனால் உடைப்புக்கு வந்தது என்று கேளுங்கள். பின்பக்கம் மோதிய வண்டி என்றால் பெட்டிக்குக் கேடு வந்திருக்க வாய்ப்பு குறைவு. பதில் சொல்லாமல் விலையைக் குறைத்தால் எழுந்து வந்துவிடுங்கள். வழக்கத்துக்கு மாறாக மலிவான பொருள் திருட்டு வண்டியின் உறுப்பாகவும் இருக்கலாம், அப்போது அது வாங்கியவருக்குச் சொந்தமே ஆகாது. பழைய பெட்டியை மெக்கானிக்கிடம் விட்டுவிடாமல் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கடைசி வாக்கியத்தை அனுபவத்தில் இருந்து எழுதுகிறோம். வேறொரு மெக்கானிக், வயதானவர், சகோதரருடைய வண்டியைப் பொறுமையாகப் பார்த்தார். பேட்டரிக்கு அருகே உடலோடு திருகப்பட்டிருக்கும் எர்த் கம்பியின் முனையில் பொருக்காகத் துரு இருந்தது. புதிய பெட்டியை மாட்டும் வேலையில் அந்தக் கம்பி அசைந்து, சில நாட்கள் சரியாகப் பற்றியிருக்க வேண்டும் என்பது அவர் கணிப்பு. அதைச் சுரண்டிச் சுத்தம் செய்து இறுக்கிவிட்டு, வீட்டில் இருந்து முதல் பெட்டியைக் கொண்டுவரச் சொன்னார். அது கடையின் பருப்பு டப்பாவுக்குப் பின்னால், பிளாஸ்டிக் பையில் கிடந்தது. மாட்டினார். கியர் விழுந்தது. இன்றும் அந்த முதல் பெட்டியோடுதான் வண்டி ஓடுகிறது. ஒன்பதாயிரம் ரூபாய் செலவே தேவைப்பட்டிருக்கவில்லை. சகோதரர் சிரித்தாரா, கோபப்பட்டாரா என்று இன்றுவரை நமக்குத் தெரியவில்லை. திரும்பி நின்று உம்மாவுக்குப் போன் செய்தார்.

மாணவர் பணத்தைத் திருப்பித் தந்தார். பொருத்திய கூலியையும் தருவதாகச் சொன்னார். தாமும் விசாரிக்காமல் வாங்கினோம் என்று சொல்லி அதைச் சகோதரர் வாங்க மறுத்துவிட்டார். கடையில் இப்போது அந்த போர்டின் கீழே, வெள்ளம் பார்த்த சாமான் தனி அலமாரியில் உள்ளது, கேட்டு வாங்கவும் என்று ஒரு தாள் ஒட்டப்பட்டிருக்கிறது. எழுத்து கொஞ்சம் சிறியதுதான். பெரிதாக எழுதலாமே என்று சொல்லியிருக்கிறோம்.

அந்த ஏல வண்டிகளிலிருந்து எடுத்த பெட்டிகள் மொத்தம் ஐந்து. ஒன்று திரும்பி வந்தது. மற்ற நான்கையும் வாங்கியவர்களைத் தேடி அழைத்துச் சொல்லும்படி மாணவரிடம் சொன்னோம். ஒருவர் வண்டியையே விற்றுவிட்டாராம், புதிய உரிமையாளரின் எண்ணைத் தந்தார். இருவர், நன்றாக ஓடுகிறது, கெட்டால் வருகிறோம் என்றார்கள். திருப்பித் தந்தால் பணம் தயார் என்று அவர்களிடம் மீண்டும் சொல்லச் சொல்லியிருக்கிறோம். நான்காமவர் ரொக்கம் கொடுத்து வாங்கிச் சென்றவர், எண் இல்லை. வெள்ளை நிறக் கார், பின்கண்ணாடியில் பிள்ளையின் பெயர் எழுதியிருந்தது என்பது மட்டும் மாணவருக்கு நினைவிருக்கிறது.